பஞ்சறை ஆணியில் துண்டு

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: அப்பா. அம்மா. உறை தைக்கிற அத்தை. பஞ்சு மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர். நான், பதினொரு வயது. நீ, எட்டு வயது. நம் தம்பி திரி, ஆறு வயது. மொத்தம் ஏழு பேர். பெரியப்பாவும் இருந்தார் என்று நீ சொல்லிக்கொண்டு இருப்பதாகக் கேள்வி. இல்லை. பெரியப்பா அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்தார். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு சாயங்காலம்தான் வந்தார். அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஏழு பேரில் இப்போது மிச்சம் நீயும் நானும். அதனால்தான் பதில் எழுதுகிறேன். பாசத்தினால் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மருமகள் வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவள்தான். ஆனால் உன் கையெழுத்தை எனக்கு இன்னொருத்தி வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. உன் கையைப் பிடித்து முதல் எழுத்துப் போட வைத்தது நான். போன் நம்பரும் எழுதியிருக்கிறாய். போன் வேண்டாம். போனில் நீ அழுதால் நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடிதம் என்றால் மடித்து வைத்துவிடலாம்.

பஞ்சறை ஆணியில் தினமும் காலையில் யாருடைய துண்டாவது தொங்குகிறது, வீட்டில் எல்லாரும் உன் பேத்தி பட்டாணியின் குறும்பு என்கிறார்கள், அவளோ நான் இல்லை என்று அழுகிறாள், என்ன செய்வது அக்கா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்தச் சொல்லை எழுதிய கையைக் கழுவிக்கொள். என் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. நாலு பிள்ளை வளர்த்தேன். சேட்டை என்றேன், வால் என்றேன், லூட்டி என்றேன், ஆத்திரம் வந்தால் விஷமம் என்றேன். இந்த ஒரு சொல்லை மட்டும் யார் வாயிலும் வரவிடவில்லை. ஏன் என்று கேட்ட என் வீட்டுக்காரருக்கும் கடைசிவரை சொல்லவில்லை.

உனக்கு மறந்திருக்கும். மறப்பது உனக்குக் கை வந்த வேலை. அதனால் எழுதுகிறேன்.

நம் மெத்தைக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பஞ்சறைக்குள் யார் போனாலும் தன் துண்டைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கதவை ஒட்டித்தான் படி. படியேறினால் மேலே பலகைத் தளம், அதில் சதுரமாக ஒரு வாய். மூட்டையை அவிழ்த்து அந்த வாய் வழியாகத்தான் பஞ்சைக் கொட்டுவார்கள். ஆணியில் துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கொட்டக் கூடாது. பஞ்சுக்குள் இருப்பவன் கத்தினால் கைநீளத்துக்கு அப்பால் கேட்காது. அதனால்தான் அந்தச் சட்டம். அப்பாவுடைய அப்பா காலத்துச் சட்டம்.

திரி என்ன செய்வான்? உள்ளே யாரும் இல்லாதபோது அப்பா துண்டை மாட்டுவான். அத்தை துண்டை மாட்டுவான். ஆணி எட்டாது. பஞ்சு அடிக்கிற கோலின் நுனியில் துண்டைச் செருகி எக்கி எக்கி ஒரு மூலையை மாட்டுவான். அப்பா வந்து, காலி அறையைப் பார்த்து, "யாருப்பா உள்ள, வெளிய வா" என்று கால்மணி நேரம் கூப்பிடுவார். உறைத் துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து அவன் சிரிப்புக் கேட்கும். அப்பா திட்டுவார், அப்புறம் அவரும் சிரிப்பார். வாரத்தில் மூன்று நாள் இப்படி. கடைசியில் ஆணியில் துண்டைப் பார்த்தால் யாரும் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வண்டிக்காரர் முதல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று கேட்டார்: "துண்டு தொங்குதே, உள்ள யாரு?"

நீ கீழ்ப்படியில் உட்கார்ந்து பஞ்சில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை. "யாரும் இல்ல மாமா. திரியோட குறும்பு" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே மேலே போனார். முப்பத்தெட்டு மூட்டை.

நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்ற நாளெல்லாம் அவன் மாட்டியது அடுத்தவர் துண்டு. அன்றைக்குத் தொங்கியது அவனுடைய சின்னத் துண்டு. அன்று ஒரு நாள்தான் அவன் சட்டப்படி நடந்தான்.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. துண்டு நடுவில் மடித்துத் தொங்குகிறதா, ஒரு மூலை மட்டும் ஆணியில் குத்தி, மீதி கோணலாகத் தொங்குகிறதா?

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உறையைப் பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிரித்தால் முதல் வரியிலேயே ஆட்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறாய். அம்மா சொல்வாள், பெரியவள் சண்டைக்குக் கிளம்பினால் முதலில் ஆஜர் எடுப்பாள் என்று. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி.

மூலையில் குத்தித்தான் தொங்குகிறது. ஒரு நாள் தவறாமல்.

ஒரு நாள் என் மகனுடைய துண்டு. ஒரு நாள் மெஷின் ஓட்டுகிறவருடையது. இரண்டு நாள் நான் தலை துவட்டுகிற துண்டு, ஈரத்தோடு. இப்போது கடையில் அந்தச் சட்டம் எல்லாம் கிடையாது அக்கா. பஞ்சு அடிப்பது மெஷின், ஆட்கள் மூக்கை மூடிக்கொண்டு தொப்பி போட்டு வேலை செய்கிறார்கள். துண்டு மாட்டிவிட்டுப் போ என்றால் சிரிப்பார்கள். அந்த ஆணி எதற்கு என்றே என் மகனுக்குத் தெரியாது. அவனுக்குத் திரியைப் பற்றி நான் சொன்னதில்லை. யாருக்கும் சொன்னதில்லை. பெரியப்பா இருந்தார் என்று நான் ஊரெல்லாம் சொன்னதாக உனக்கு யார் சொன்னார்களோ அவர்கள் வாயில் மண்.

பட்டாணிக்கு ஆறு முடிந்து ஒரு மாதம். நல்ல பெண், ஆனால் சும்மா இருக்க மாட்டாள். மெஷின்காரர் செருப்புக்குள் பஞ்சு அடைப்பாள். அவள் டீச்சர்கூட நோட்டில் 'குறும்பு அதிகம், வீட்டில் கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அதனால் துண்டு தொங்கினால் அவள் பெயர்தான். போன வாரம் என் மகன் அவளை முழங்கால் போட வைத்தான். "நான் இல்லப்பா, அண்ணன்" என்றாள். "எந்த அண்ணன்?" என்றான். "பஞ்சுக்குள்ள இருக்கற அண்ணன்." மறுபடி பொய்யா என்று ஒரு அடி வேறு.

நான் தடுக்கவில்லை.

அன்றைக்கே மகனிடம் அந்த ஆணியைப் பிடுங்கச் சொன்னேன். குறட்டால் பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டான். மறுநாள் காலையில் துண்டு தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது, சதுரத் தலை ஆணி. இழுப்பறையைத் திறந்தேன். அதிலும் இருந்தது. இரண்டும் ஒரே ஆணி அக்கா. ஒரே துரு.

அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறாய். சொன்னேன். இல்லை என்று எப்போது சொன்னேன்? ஆனால் அந்தச் சொல்லை நானா பெற்றெடுத்தேன்? விடிந்தால் அடைந்தால் அந்த வீட்டில் எல்லாரும் அவனைச் சொன்ன சொல். அப்பா சொன்னார், அத்தை சொன்னாள், அம்மா சொன்னாள். எட்டு வயதில் என்னிடம் இருந்தது அவர்கள் கொடுத்த சொல்தான். நான் அதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். அத்தை ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். தையல் மேஜையில் பட்டன் கோத்துக்கொண்டிருந்த ஒருத்தியும் சிரித்தாள். யார் என்று நான் எழுதவில்லை. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே.

சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

நான் சிரித்தேன். ஏழு பேரில் என்னையும் எண்ணித்தானே எழுதினேன். பட்டன் இல்லை, மெத்தை முடிச்சுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டிக்காரர் என்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டார். சிரித்தவள் வேறு, கேட்கப்பட்டவள் வேறு. இதை நான் விட மாட்டேன்.

இப்போது அதை ஓரமாக வை. ஆணியைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பயத்தால் இல்லை. வேலை இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால்.

குறும்பு என்றால் என்ன என்று உன் மகனுக்கும் தெரியாது, அந்த டீச்சருக்கும் தெரியாது. படித்தவர்கள். நான் ஐம்பத்தெட்டு வருஷமாக அந்தச் சொல்லை வாயில் போட்டுத் துப்பாமல் விழுங்காமல் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

ஒருவன் ஒன்று செய்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். மாட்டிக்கொண்டவர் முதலில் திட்டுகிறார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு வந்தால்தான் அது குறும்பு. செய்தவன் மட்டும் சிரித்தால் அது வேறு. சிரிப்பு வருகிறவரைக்கும் அதற்குப் பெயர் கிடையாது. இவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்னாலேயே பெயரை வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்த பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தெரிந்த பொருள்தானே என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆளுக்குத் தகுந்த மாதிரி வேறு. மாப்பிள்ளை கண்ணில் இருந்தால் பெண்வீட்டார் பாராட்டாகச் சொல்வார்கள். அதையே கூலிக்காரன் கண்ணில் பார்த்தால் திமிர் என்பார்கள். தாத்தா செய்தால் வயசான காலத்தில் பாரேன் என்று ரசிப்பார்கள். பாட்டி செய்தால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். பிள்ளை செய்தால், பெற்றவள் களைப்பாக இல்லாத நாளில் செல்லமாகவும், களைப்பாக இருக்கிற நாளில் குற்றமாகவும் சொல்வாள். இவ்வளவு பேர் கையில் அழுக்கான சொல் அது. உன் பேத்தியின் நெற்றியில் அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு அந்தக் குழந்தை எங்கே கிடந்தாலும் யாரும் தேட மாட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். பட்டாணியை என்னிடம் அனுப்பு. இரண்டு மாதம் இங்கே இருக்கட்டும். என் மகன் வீடு மாடியில். பஞ்சு என்று ஒரு நூல் கிடையாது, மெத்தை எல்லாம் ஸ்பாஞ்சு. அதில் படுத்தால் எனக்கு முதுகு வலிக்கிறது, இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு படுக்கிறேன், ஏன் என்று நீ இப்போது புரிந்துகொள்வாய்.

அனுப்புகிறவரை மூன்று காரியம். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அவளை இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை என்றால், மெஷின் உள்பட எல்லா வேலையும் நிற்க வேண்டும். துண்டு தொங்கினால் கொட்டாதே. தொங்காவிட்டாலும் போய்ப் பார்க்காமல் கொட்டாதே.

கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை படி.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

மகனிடம் கேட்டேன். "நாற்பது வருஷமா முகத்தையே பாக்காத பெரியம்மா வீட்டுக்கு எதுக்கும்மா பிள்ளையை அனுப்பணும்? பள்ளிக்கூடம் யாரு போவா, நீயா?" என்கிறான். நாற்பது இல்லை, அம்மா போனபோது நீ வந்து வாசலோடு திரும்பினாயே, அதிலிருந்து இருபத்தாறு என்றேன். அதற்கும் சிரிக்கிறான். ஒரு ஆஸ்பத்திரிக்கு இருநூறு மெத்தை ஆர்டர் வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் நின்று பேச நேரமில்லை. இது முடியட்டும், ஒரு மாதம் பொறு, நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சொல்லைத் தடுக்கப் பார்த்தேன். மருமகளிடம், "குறும்புன்னு சொல்லாதேம்மா" என்றேன். "பின்ன என்னன்னு சொல்றது அத்தை, சமத்துன்னா?" என்றாள். பட்டாணிக்கே சிரிப்பு.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒன்று சொல்கிறேன், திட்டு.

எனக்குப் பயமாக இல்லை அக்கா. முதலில் இருந்தது. இப்போது காலையில் எழுந்ததும் கால் தானாகப் பஞ்சறைப் பக்கம் போகிறது. துண்டு தொங்கினால் மனசு நிறைகிறது. நேற்று என் துண்டு. முந்தாநாளும் என் துண்டு. மற்றவர்களுடையதை விட்டுவிட்டு என்னுடையதை எடுக்கிறான். என் மேல் கோபம் இருந்தால் என்னோடு விளையாடுவானா? நீதானே எழுதினாய், மாட்டிக்கொண்டவர் சிரித்தால்தான் அதற்கு அந்தப் பெயர் என்று. நான் சிரிக்கிறேன் அக்கா. தனியாக அந்தக் கதவுக்கு முன்னால் நின்று சிரிக்கிறேன். நேற்று ஒரு கல்கண்டு வைத்தேன். இன்றைக்கு இல்லை. எறும்பு என்று நீ சொல்வாய். கல்கண்டு வைத்த இடத்தில் ஒரு பஞ்சுக்கொட்டை இருந்தது. மெஷினில் அடித்து வருகிற பஞ்சில் கொட்டையே இருக்காது.

நான் பொறுக்கத் தவறியது ஒன்று என்று திருப்பிக் கொடுத்தானோ என்னவோ. கையில் வைத்திருக்கிறேன்.

பட்டாணி அவனோடு பேசுகிறாள். கதவில் காதை வைத்துக்கொண்டு தலையாட்டுகிறாள். என்ன சொல்கிறான் என்றால், "சொல்ல மாட்டேன், ப்ராமிஸ்" என்கிறாள்.

சின்னவள்


பிப்ரவரி 27

சின்னவளே,

கல்கண்டு வைக்காதே. அந்தக் கொட்டையைத் தெருவில் போடு.

அவன் உன்னை மன்னித்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. ஆறு வயசுப் பையனுக்கு மன்னிப்பு என்றால் என்ன தெரியும்? அவனுக்கு வேண்டியது கூட விளையாட ஆள். உன் துண்டை ஏன் எடுக்கிறான்? நீ ஒருத்திதான் கோபப்படாமல் விடுகிறாய். அந்த வீட்டில் காவலுக்கு இருப்பது நீ. காவலை முதலில் சரிக்கட்டுகிறான். அவன் அப்படித்தான். அத்தையின் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அத்தைக்குக் கால் பிடித்துவிடுவான்.

ஒரு மாதம் எல்லாம் பொறுக்க முடியாது. உன் மகன் விடவில்லை என்றால் நான் வருகிறேன். அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வைத்திருந்தேன். வருகிறேன் என்று எழுதிவிட்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை வண்டிக்குச் சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை குழந்தையை உன் இடுப்பில் கட்டிக்கொள்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

நீ வர வேண்டாம். சீட்டை ரத்து செய். நாளைக்குக் காலை மருமகளே பட்டாணியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து விடுகிறேன். படிக்கிறபோது குழந்தை உன் பக்கத்தில் இருப்பாள். தொட்டுப் பார்த்துவிட்டுப் படி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். இருந்தவர்களை நானும் எழுதிவிடுகிறேன்: என் மகன், மருமகள், மெஷின்காரர், லாரிக்காரர், நான், பட்டாணி. ஆறு பேர்.

ஆஸ்பத்திரி ஆர்டருக்குப் பஞ்சு வந்தது. மூன்று மணிக்குள் லாரியை விட வேண்டும் என்று அவசரம். நான் பின்கட்டில் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டாணி என் பக்கத்தில்தான் இருந்தாள். எண்பதுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்தால் இல்லை. கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டேன்.

முன்பக்கம் ஓடினேன். மகன் மேலே தளத்தில் நின்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மூட்டை கொட்டியாகிவிட்டது. நான் ஆணியைப் பார்த்தேன். காலி. ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் காலி. அக்கா, மனுஷப் புத்தியைச் சொல்கிறேன். காலியாக இருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

"பட்டாணி எங்கடா?" என்றேன்.

மருமகள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்கயாவது ஒளிஞ்சிருப்பா அத்தை. அவ குறும்பு தெரியாதா? தேடினா இன்னும் உள்ள போவா. விட்டா தானா வருவா" என்றாள்.

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. தளத்து வாயில் இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "கொட்டணும்னா என் தலையில கொட்டு" என்றேன்.

"என்னம்மா நாடகம் இது? லாரிக்காரன் நிக்கறான்."

"நிக்கட்டும். எல்லாத்தையும் நிறுத்து. மெஷினை நிறுத்து."

"துண்டு கிண்டுன்னு நீதான எதையோ சொல்லிக்கிட்டு இருந்த. இப்ப துண்டும் இல்ல. பின்ன என்ன?"

"தொங்கலன்னாலும் பாக்கணும்டா" என்றேன். உன் வார்த்தை. இரண்டு தடவை படிக்கச் சொன்னாயே, இருபது தடவை படித்திருந்தேன்.

உள்ளே குதித்தேன். அறுபத்தாறு வயதில். கையால் வாரினேன். வாரிய இடம் உடனே மூடிக்கொண்டது. கத்தினேன். என் சத்தம் எனக்கே வெளியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் மகனும் குதித்தான், மெஷின்காரரும் குதித்தார். சுவரோரத்தில் என் கையில் ஒரு குட்டிக் கால் அகப்பட்டது. சூடாக இருந்தது.

உயிரோடு இருக்கிறாள் அக்கா. முகம் நீலமாக, ஆனால் மூச்சு இருந்தது. மூக்கையும் வாயையும் சுற்றி இரண்டு கையையும் கூடு மாதிரி வைத்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கைதான் காப்பாற்றியது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

டாக்டர் போனதும் அவளைக் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணன்தான் சொன்னான் பாட்டி. துண்டை மாட்டிட்டு வா, யாரும் கொட்ட மாட்டாங்கன்னான். உன் துண்டை எடுத்து ஸ்டூல் மேல ஏறி மாட்டினேன். உள்ள வந்து உக்காந்தேன். அப்புறம் மேலேர்ந்து விழுந்தது. அழுதேன். கையை இப்படி வச்சுக்கன்னான். முதல்லதான் கஷ்டமா இருக்குமாம். அப்புறம் பழகிடுமாம்."

துண்டை மாட்டினேன் என்கிறாள். ஸ்டூல் அங்கேயே இருந்தது. ஆணியில் துண்டு இல்லை. அதை எங்கே என்று கடை முழுக்கத் தேடினேன். மெஷின்காரர்தான் சொன்னார், "அம்மா, உங்க தோள்லதான் இருக்கு."

வலது தோளில் இருந்தது. பஞ்சுக்குள் குதித்தபோதும் அது என் தோளில்தான் இருந்திருக்கிறது.

நான்தான் எடுத்தேனா அக்கா? பின்கட்டிலிருந்து ஏதோ நினைப்பில் அந்தப் பக்கம் போய், என் துண்டு தொங்குகிறதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டேனா? எண்பது உறைக்கு மேல் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அப்படி நான் எடுத்திருந்தால் அன்றைக்கும் நான், இன்றைக்கும் நான். எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. உனக்கு எல்லாம் தெரியும். நான் எடுத்தேனா, சொல்லு. என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்கிறேன்.

சின்னவள்


மார்ச் 12

சின்னவளுக்கு,

நீ எடுக்கவில்லை.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது வண்டியிலிருந்து விழுந்தாய். வலது தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தோளில் நீ ஒன்றும் போட்டதில்லை. பள்ளிக்கூடப் பை இடது தோள், தண்ணீர்க் குடம் இடது இடுப்பு, கல்யாணத்தில் மாலையைக்கூட வலது பக்கம் சரியாதபடி பிடித்துக்கொண்டே நின்றாய், நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். நீயாக எடுத்திருந்தால் துண்டு இடது தோளில் இருந்திருக்கும். வலது தோளில் அதை வேறு ஆள்தான் போட்டான். நீ குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது போட்டிருக்கிறான். ஆணியிலிருந்து எடுத்து நேராக உன் மேலே போட்டிருக்கிறான், பழி உன் மேல் விழட்டும் என்று.

நான் இதை யோசித்து எழுதுகிறேன். உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. உன்னைச் சமாதானப்படுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

பட்டாணி நன்றாக இருக்கிறாள். இருமல் குறைந்துவிட்டது. வந்த இரண்டாம் நாள் என் செருப்பு இரண்டையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். தேடி எடுத்துப் போட்டு, ஜில்லென்று காலில் ஏறியதும் கத்தினேன், திட்டினேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். "என்ன குறும்புடி உனக்கு" என்றேன். என் மருமகள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் முதல் தடவையாக அந்தச் சொல், அதுவும் என் வாயிலிருந்து. அந்தச் சொல் எதற்கு ஏற்பட்டதோ அதற்குச் சொன்னேன். தப்பில்லை.

உன் விஷயம். ஐம்பத்தெட்டு வருஷம் உன் மேல் வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். நீ கேட்கவில்லை, அதனால்தான் எடுத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். நீ சொன்னது சரி, எட்டு வயசுப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் கொடுத்த சொல். இந்தத் தடவை யாரும் பார்க்காதபோது நீ பார்த்தாய். துண்டு தொங்காததையும் நம்பாமல் குதித்தாய். போதும். பஞ்சறையைச் சுவர் வைத்து அடை. உன் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அடை. கேட்காவிட்டால் எனக்குப் போன் போட்டு அவனிடம் கொடு. போனில் பேசுகிறேன்.

நேற்றுக் காலையில் படிக்கலாம் என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடி இல்லை. கூடு நிறையப் பஞ்சு. விரலால் அமுக்கி அமுக்கி அடைத்திருந்தது. பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள், என் கை அவள் மேல்தான் இருந்தது. இந்த வீட்டில் பஞ்சு கிடையாது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கொட்டையோடு இருந்தது.

என்னைத் தேடி வந்திருக்கிறான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இப்படித்தான் வருவான், என்னைச் சிரிக்க வைத்துவிட்டால் முடிந்தது என்று. மெத்தை அடுக்குக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்ப்பான். அந்த வீட்டில் அவன் பயந்தது என் ஒருத்தியின் கோபத்துக்குத்தான். இந்த அறையில் மெத்தை அடுக்கு இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

அவன் தனியாக இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு வருஷமாக என்று நாள் கணக்காக எனக்குத் தெரியும். அவனைக் குளிப்பாட்டியவள் நான். அவனுக்கு முதல் சோறு ஊட்டியதும் நான்தான், அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு குழந்தையை உள்ளே கூப்பிட்டுவிட்டு அது மாட்டிய துண்டை எடுத்தவன். முதலில்தான் கஷ்டமாக இருக்கும் என்று சொன்னவன். இதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை, நான் அவ்வளவு படிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இல்லை.

பஞ்சைக் கூட்டோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். பட்டாணியைத் தூக்கிக்கொண்டேன். நான் சிரிக்கவில்லை என்பதை அவன் பார்க்கட்டும் என்று அறையின் நடுவில் நின்றேன். நின்று, சத்தமாக, அவன் பெயரைச் சொல்லிச் சொன்னேன். உனக்கும் எழுதி வைக்கிறேன், இருவரில் யார் முந்திப் போனாலும் மற்றவளுக்குத் தெரிந்திருக்கட்டும். அப்பாவை விட்டுவிட்டேன். அத்தையை, வண்டிக்காரரை, உன்னை எல்லாரையும் விட்டுவிட்டேன். நான் மன்னிக்காதது ஒருவனைத்தான்.

திரியை.

அக்கா